செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியாச்சு, மெக்கானிக் யார்?

வாசகர் கேள்வி பதில்

பழைய கார் வாங்கியவர்கள் எழுதிய கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். ஆளாளுக்கு வண்டி வேறு, ஊர் வேறு, கவலை மட்டும் ஒன்றுதான்: வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது, நம்பி விடுவதற்கு ஆள் இல்லை. முதல் கடிதத்துக்குப் பதில் நீளமாகப் போய்விட்டது. அதில் சொன்னதில் பாதி எந்த வண்டிக்கும் பொருந்தும் என்பதால் வெட்டாமல் விட்டிருக்கிறேன்.

கேள்வி: இரண்டு மாதம் முன்பு 2015 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. வாங்கினேன். ஆட்டோமேட்டிக், 78,000 கி.மீ. ஓடியது. டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறுகையில் வண்டி உதறுகிறது. இரண்டு முறை ரிவர்ஸ் விழவே இல்லை, இன்ஜினை அணைத்துத் திரும்பப் போட்டதும் விழுந்தது. எங்கள் குடும்பத்துக்குப் பதினைந்து வருடமாக வண்டி பார்க்கும் மெக்கானிக், கியர் ஆயில் மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார். சர்வீஸ் சென்டரிலோ மெக்காட்ரானிக், கிளட்ச் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று கார் வாங்கிய விலையில் கிட்டத்தட்ட பாதியைச் சொல்கிறார்கள். யாரை நம்புவது? இந்த வண்டி தெரிந்த ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது, சார்?
வாசகர், திருச்சி

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கியர் ஆயில் மாற்றினால் இந்த உதறல் போகாது. உங்கள் வண்டியில் இருப்பது டி.எஸ்.ஜி. என்ற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ், ஏழு கியர் ரகம், அதற்கு டி.க்யூ.200 என்று பெயர். உள்ளே இரண்டு கிளட்ச், இரண்டுமே உலர் கிளட்ச், ஆயில் அவற்றைத் தொடுவதே இல்லை. ஒரு கிளட்ச் 1, 3, 5, 7 கியர்களைப் பார்த்துக்கொள்கிறது, இன்னொன்று 2, 4, 6, ரிவர்ஸ். உங்களுக்கு உதறுவது இரண்டாவதுக்கு மாறும்போது, விழாமல் போனது ரிவர்ஸ். இரண்டும் ஒரே பக்கம் என்பதைக் கவனித்தீர்களா? உங்கள் கடிதத்திலேயே இவ்வளவு துப்பு இருக்கிறது. இந்த வண்டி தெரிந்த ஒருவரிடம் இதே வாக்கியங்களைச் சொன்னால் அவர் உடனே அடுத்த கேள்விக்குப் போவார்: காலையில் முதல் தடவை எடுக்கும்போதும் உதறுகிறதா, சூடான பிறகு மட்டுமா, ரிவர்ஸ் விழாதபோது மீட்டரில் கியர் எழுத்து மினுங்கியதா என்று.

ஆயில் பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, இந்தக் கியர் பாக்ஸில் இருந்த சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றியது. வெயிலும் புழுக்கமும் உள்ள நாடுகளில் அந்த சிந்தெடிக் ஆயிலால் கியர் பாக்ஸின் மின்சாரப் பகுதியில் ஷார்ட் ஆகும் ஆபத்து இருந்தது, அதற்காகச் செய்தது. உங்கள் வண்டி அதற்குப் பிறகு வந்தது. இன்னொரு பக்கம், ஸ்கோடா லாரா டீசல் மாதிரி வண்டிகளில் வரும் ஆறு கியர் டி.எஸ்.ஜி. வேறு ரகம், அதில் கிளட்ச் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கும், 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றியே ஆக வேண்டும். உங்கள் குடும்ப மெக்கானிக் அந்த மாதிரி வண்டியைப் பார்த்திருக்கலாம், அல்லது பார்த்தவர் சொல்லக் கேட்டிருக்கலாம். அவர் உங்களை ஏமாற்றப் பார்க்கவில்லை. பதினைந்து வருடம் உங்கள் வீட்டு வண்டிகளை ஓட வைத்தவர் அவர், பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் ஏ.சி.க்கும் தொடர்ந்து அவரிடமே போங்கள், இந்தக் கியர் பாக்ஸை மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள்.

சர்வீஸ் சென்டர் சொன்னதும் முழுப் பொய்யாக இருக்காது. ஆனால் அவர்கள் பழுது பார்ப்பதைவிட யூனிட்டாக மாற்றுவதற்கே பழகியவர்கள். கிளட்ச் தேய்ந்திருந்தால் கிளட்ச் செட் போதும். மெக்காட்ரானிக் என்பது கியரைப் போட்டு எடுக்கும் கம்ப்யூட்டரும் ஹைட்ராலிக்கும் சேர்ந்த ஒரு பெட்டி. அதில் அடிக்கடி போவது, ஆயில் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் பிரஷர் அக்யூமுலேட்டர் திருகியிருக்கும் இடம்: அங்கே அலுமினியம் விரிசல் விட்டு அழுத்தம் நிற்காமல் போய்விடும், அப்போது பம்ப் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். இதை ஸ்கேனரில் பார்க்கலாம். சிஸ்டம் பிரஷர் எவ்வளவு, பம்ப் எத்தனை விநாடிக்கு ஒருமுறை ஓடுகிறது, இரண்டு கிளட்ச்சும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று அடாப்டேஷன் எண்கள் என்ன சொல்கின்றன, இவை தெரியாமல் எதை மாற்றச் சொன்னாலும் அது ஊகம்தான். ஆகவே சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்க வேண்டியது விலைக் குறைப்பு அல்ல, அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டின் பிரின்ட். கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஆளிடம் போகும்போது கையில் ஒரு காகிதம் இருப்பது பெரிய பலம்.

சரி, ஆளை எங்கே தேடுவது? ஊரில் நல்ல மெக்கானிக் யார் என்று கேட்காதீர்கள், பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா உதிரிபாகம் விற்கிற கடை கவுன்டரில் போய் நின்று, டி.எஸ்.ஜி. கிளட்ச் செட் உங்களிடம் யார் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். கவுன்டரில் இருப்பவருக்கு எல்லாம் தெரியும். யார் மாதம் ஒன்று வாங்குகிறார், யார் வாங்கிப் போய்ப் பூட்டத் தெரியாமல் திருப்பிக் கொண்டுவருகிறார், யார் எப்போதும் மலிவான டூப்ளிகேட்டே கேட்கிறார் என்பதை அவரைவிட அறிந்தவர் கிடையாது. திருச்சியில் அப்படிக் கடை அகப்படாவிட்டால் சென்னை ஜி.பி. ரோட்டில் விசாரிக்கலாம், வெளியூர் மெக்கானிக்குகள் அங்கிருந்து பார்சலில் வரவழைப்பது சகஜம். அடுத்தது, கம்பெனி சர்வீஸ் சென்டரில் பல வருடம் கியர் பாக்ஸ் பக்கம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து சொந்த ஷெட் போட்டவர்கள். பெரும்பாலான நகரங்களில் ஓரிருவராவது இருப்பார்கள். சர்வீஸ் சென்டர் வாசலில் இருக்கும் டீக்கடையில் அங்கே வேலை செய்யும் பையன்களிடம் தனியாகக் கேட்டால் பெயர் வரும். அப்புறம் போலோ, வென்டோ, ரேபிட் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழு. அங்கே ஒரு பெயரைப் பலர் சொன்னால் மட்டும் போதாது, அவர்களில் யாருக்கு இதே வேலை நடந்தது, அதன் பிறகு எத்தனை ஆயிரம் கி.மீ. ஓடியது என்று கேளுங்கள். வேலை முடிந்த மறுவாரம் எல்லோரும் பாராட்டுவார்கள். ஒரு வருடம் கழித்தும் பாராட்டுகிறவர் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெயர் கிடைத்ததும் வண்டியை அப்படியே விட்டுவிட வேண்டாம். ஒரு நாள் சும்மா போய்ப் பாருங்கள். ஷெட்டில் உங்கள் வண்டி ரகம் இன்னும் இரண்டு மூன்று நிற்கிறதா? நான் ஒருமுறை கோவையில் இப்படி ஒரு ஷெட்டில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். தகரக் கூரை, மண் தரை, வெளியே போர்டுகூட இல்லை. உள்ளே மேசை மேல் சுத்தமான வெள்ளைத் துணி விரித்து அதில் ஒரு மெக்காட்ரானிக்கைப் பிரித்து வைத்திருந்தார், கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் அது இருந்த இடத்தின் வரிசையிலேயே அட்டையில் குத்தி நின்றது. பக்கத்தில் பள்ளிக்கூட நோட்டு ஒன்று, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம்: வந்த கி.மீ., ஸ்கேனரில் வந்த எண்கள், வேலைக்கு முன் கிளட்ச் அளவு, வேலைக்குப் பின் அளவு. அந்த நோட்டைப் பார்த்ததும் எனக்கு வேறு எதையும் விசாரிக்கத் தோன்றவில்லை.

நோட்டு இல்லாத இடத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது உலர் கிளட்ச்சா, ஆயில் கிளட்ச்சா? கிளட்ச் போடும்போது ஷிம் (இடைவெளியைச் சரிக்கட்டும் மெல்லிய வளையம்) அளந்து போடுவீர்களா? போட்ட பிறகு பேசிக் செட்டிங், அதாவது புது கிளட்ச்சைக் கியர் பாக்ஸ் கம்ப்யூட்டருக்குப் பழக்குவதை, எதை வைத்துச் செய்வீர்கள்? மூன்றுக்கும் தயங்காமல் பதில் வர வேண்டும். ஷிம்மா, அதெல்லாம் தேவையில்லை, பழையதையே போட்டுவிடலாம் என்றால் கிளம்பிவிடுங்கள். அந்த அளவு மில்லிமீட்டரின் பின்னத்தில் தவறினாலும் புது கிளட்ச் சில மாதத்தில் மறுபடி உதறும், அப்போது புது கிளட்ச்சே டூப்ளிகேட் என்று பழி வேறு வரும். ஸ்கேனரும் முக்கியம். ஆயிரம் ரூபாய் புளூடூத் ஸ்கேனர் இன்ஜினின் கோளாறு எண்களை (ஃபால்ட் கோடு) படிக்கும், பெரும்பாலும் இந்தக் கியர் பாக்ஸுக்குள் போகாது. வி.சி.டி.எஸ். மாதிரி இந்தக் கம்பெனி வண்டிக்கென்றே உள்ள ஸ்கேனர் அவரிடம் இருக்க வேண்டும்.

கடைசியாக, முதல் வேலையாகக் கியர் பாக்ஸைக் கொடுக்காதீர்கள். வண்டி இன்னும் ஓடுகிறது என்கிறீர்கள், அப்படியானால் ஒரு சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள், இன்ஜின் ஆயில் மாற்றமே போதும். உங்கள் வண்டிக்கு வி.டபிள்யூ. 502.00 தரத்தில் ஆயில் வேண்டும். அந்த எண்ணை அவராகவே சொல்கிறாரா, டப்பாவை உங்கள் முன்னால் திறக்கிறாரா, பழைய ஆயிலை வடித்த பிறகு ட்ரெயின் போல்ட்டின் வாஷரை மாற்றுகிறாரா, வண்டியைக் கீழே இறக்கியதும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு உங்களிடம் ஏதாவது சொல்கிறாரா என்று கவனியுங்கள். இதற்கெல்லாம் உங்களுக்கு ஒரு காலை நேரம்தான் ஆகும். அதுவரை டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டுவதைக் குறையுங்கள், முன்வண்டி கொஞ்சம் நகரட்டும் என்று காத்திருந்து எடுங்கள். மேட்டில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், கிளட்ச்சைத் தின்பதே அதுதான்.

கேள்வி: என் கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். நானும் மாமனாரும்தான் 2012 ஸ்விஃப்ட் டீசல் பார்த்து வாங்கினோம். மேடேறும்போது இழுவையே இல்லை, பின்னால் கரும்புகை. இங்கே ஒரு மெக்கானிக் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டரும் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். நான் ஏதாவது கேட்டால் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மாமனாரிடம் பேசுகிறார். மாமனாருக்கு வண்டியைப் பற்றி எதுவும் தெரியாது. என்ன செய்யட்டும்?
வாசகி, தேனி

பதில்: அந்த மெக்கானிக்கை விட்டுவிடுங்கள், அம்மா. வண்டி ஓட்டுவது நீங்கள், புகையைப் பார்த்தது நீங்கள், பணம் கொடுக்கப்போவதும் நீங்கள். உங்களிடம் பேச விரும்பாதவர் நோயாளியைக் கேட்காமல் மருந்து எழுதுகிறார். தேனியில் வேறு ஆள் இல்லாமலா போய்விட்டார்கள்?

உங்கள் வண்டியின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் தெரிந்த ஆளைத் தேட அலையவே வேண்டாம். ஃபியட் வடிவமைத்த இந்த ஒரே இன்ஜினை மாருதி ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் என்று வரிசையாகப் போட்டது, டாடா விஸ்டா, மான்ஸாவிலும் ஃபியட் புன்ட்டோ, லீனியாவிலும் இதுதான் இருந்தது. பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த 2020 ஏப்ரலோடு மாருதி டீசலையே நிறுத்தியது. டாக்ஸி ஸ்டாண்டில் நிற்கும் டிசையர் டிரைவர்களில் ஐந்தாறு பேரிடம் கேளுங்கள். இரண்டு மூன்று லட்சம் கி.மீ. ஓட்டி அதில் சம்பாதிக்கிறவர்கள் அவர்கள், வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் போச்சு, அதனால் தெரியாதவரிடம் விட்டுச் சோதனை செய்ய மாட்டார்கள்.

கரும்புகை என்றால் டீசல் எரிவதற்குக் காற்று போதவில்லை, அல்லது டீசல் தேவைக்கு மேல் கொட்டுகிறது. காற்றுப் பக்கம் பார்ப்பது சுலபம், செலவும் குறைவு, அதனால் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். ஏர் ஃபில்டர், காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து அதைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ், புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே நின்றுவிட்டதா என்பது, பிறகு டர்போ. அந்த ஹோஸில் கிழிசல் இருந்தால் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது உஸ்ஸென்று காற்றுச் சத்தம் கேட்கும், கிழிந்த இடத்தைச் சுற்றி ஆயில் பிசுக்கு படிந்திருக்கும். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து நீங்களே பார்க்கலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் இன்ஜெக்டர். அதற்கும் சாதாரண மெக்கானிக் ஷெட் இடமில்லை, டீசல் பம்ப் கடைக்குப் போக வேண்டும், இந்த மாதிரி இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதிக்கும் காமன் ரெயில் டெஸ்ட் பெஞ்ச் உள்ள கடையாகப் பாருங்கள். கழற்றுவதற்கு முன்பே ஒரு சோதனை உண்டு: நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயிலும் ஒவ்வொரு சின்ன பாட்டிலை மாட்டிவிட்டு இன்ஜினை ஓட விடுவார்கள். ஒரே அளவு டீசல் நான்கிலும் சேர வேண்டும், எந்த பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிரம்புகிறதோ அந்த இன்ஜெக்டர்தான் கசிகிறது. அதை நின்று பாருங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே நாளில் போவது அபூர்வம், கலப்பட டீசலோ தண்ணீரோ போயிருந்தால்தான் அப்படி நடக்கும். மாற்றினாலும் புது இன்ஜெக்டரின் மேல் பொறித்திருக்கும் எண்ணை ஸ்கேனர் வழியாக வண்டியின் ஈ.சி.எம்.மில், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரில், ஏற்ற வேண்டும், ஏற்றினீர்களா என்று கேட்கத் தயங்காதீர்கள். வெளியே உட்காரச் சொன்னால் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு வெளியேதான் போக வேண்டும், வேறு கடைக்கு.

கேள்வி: 2016 ஈகோஸ்போர்ட் டீசல், 1.1 லட்சம் கி.மீ., மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டேன். ஃபோர்டு போய்விட்டது, இனி யார் பார்ப்பார்கள் என்று வீட்டில் எல்லோரும் திட்டுகிறார்கள். டைமிங் பெல்ட் மாற்றியதற்கு எந்தப் பில்லும் இல்லை.
வாசகர், செங்கல்பட்டு

பதில்: திட்டுகிறவர்களிடம் நீங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள். ஃபோர்டு தொழிற்சாலை உள்ள மறைமலைநகர் உங்களுக்கு எவ்வளவு தூரம்? இந்தியாவில் வண்டி தயாரிப்பதை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது, உதிரிபாகமும் சர்வீஸும் தொடரும் என்றும் சொன்னது. அந்தத் தொழிற்சாலையிலும் அதன் டீலர்களிடமும் வேலை பார்த்து இந்த வண்டியைத் தலைகீழாக அறிந்தவர்கள் உங்கள் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறார்கள், சிலர் சொந்த ஷெட்டும் நடத்துகிறார்கள். வேறு ஊர்க்காரர் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் எனக்கும் கொஞ்சம் தயக்கம் இருந்திருக்கும்.

அவசரம் பெல்ட்டில்தான். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள், விற்றவர் வாயால் சொன்னது கணக்கில் வராது. ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினையே இறக்க வேண்டி வரும். பெல்ட்டுக்கு கி.மீ. மட்டும் கணக்கல்ல, வயதும் கணக்கு, ரப்பர்தானே. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், தாங்கி ஓடும் ஐட்லர் உருளைகளையும் சேர்த்து கிட்டாக மாற்றுங்கள், வாட்டர் பம்ப்பையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள், அதற்கென்று தனியாக இன்னொரு முறை பிரித்தால் கூலி இரட்டிப்பு. ஆளைச் சோதிக்க ஒரே ஒரு விஷயம்: டைமிங் பின் வைத்திருக்கிறீர்களா, காட்டுங்கள் என்று கேளுங்கள். கிராங்க்கையும் கேமையும் அசையாமல் பூட்டிவைக்கும் பின்கள் அவை. பெயின்ட்டில் மார்க் பண்ணிக்கொண்டு மாற்றிவிடுவேன் என்பவர் கெட்டிக்காரராகவே இருந்தாலும் உங்கள் இன்ஜினில் அந்தக் கெட்டிக்காரத்தனம் வேண்டாம்.

கேள்வி: வாங்கிய காரில் மதிய வெயிலில் ஸ்டார்ட் ஆகாத தொல்லை. மெக்கானிக் முதலில் பேட்டரி மாற்றினார், பிறகு ஸ்டார்ட்டர் மோட்டார், இப்போது ஃப்யூவல் பம்ப் என்கிறார். இதுவரை 19,000 ரூபாய் ஆகிவிட்டது. தொல்லை அப்படியே இருக்கிறது. ஸ்டார்ட் ஆகாதபோது டக் டக்கென்று சத்தம் மட்டும் வரும். இதற்கு மேலும் அவரிடமே போவதா?
வாசகர், சேலம்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பழைய வலி திரும்ப வந்தது. இதே தொல்லை, கிட்டத்தட்ட இதே வரிசை, எட்டு வருடம் முன்பு எனக்கே நடந்தது. எனக்கும் பேட்டரி, ஸ்டார்ட்டர் இரண்டும் புதிதாகப் போட்டார்கள், பெரிய கண்ணாடி முகப்பு வைத்த இடம்தான், பெயர் வேண்டாம். மூன்றாவது முறை விழுப்புரம் தாண்டி வண்டி நின்றுவிட்டது. அங்கே ரோட்டோரம் ஒரு ஆட்டோ எலெக்ட்ரிஷன், வயது எழுபது இருக்கும். வந்தவர் எதையும் கழற்றவில்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு என்னை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். மீட்டரில் 1.8 வோல்ட் ஓடியது. அது அரை வோல்ட்டைக்கூடத் தாண்டக் கூடாது, தம்பி, எர்த் சரியில்லை என்றார். பாடியிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகும் பின்னல் எர்த் வயரைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு முனை முழுக்கப் பச்சை பூத்து, தொட்டதும் இழை இழையாக உதிர்ந்தது. புது வயர் போட்டு, போல்ட் உட்காரும் இடத்தை எமெரி தாளால் வெள்ளையாகத் தேய்த்துப் பூட்டினார். வயரும் கூலியும் சேர்த்து 350 ரூபாய். அந்தத் தொல்லை திரும்ப வரவே இல்லை.

உங்களுக்கும் அதே கோளாறுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டக் டக் சத்தம் வருகிறதென்றால் ஸ்டார்ட்டருக்குப் போதிய கரன்ட் போகவில்லை, ஃப்யூவல் பம்ப்புக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. இது மெக்கானிக் வேலையே அல்ல, எலெக்ட்ரிஷன் வேலை. மூன்றாவது பாகத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் ஒரு நல்ல ஆட்டோ எலெக்ட்ரிஷனிடம் போங்கள். அளந்து பார்த்துவிட்டுப் பேசுகிறாரா, பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்கிறாரா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கொடுத்த 19,000 ரூபாயைப் பொறுத்தவரை, பழைய பேட்டரியையும் பழைய ஸ்டார்ட்டரையும் கேட்டு வாங்கினீர்களா? பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டிருப்பார்கள், ஸ்டார்ட்டர் உங்களுடையது. அதை வேறு இடத்தில் பெஞ்ச்சில் ஓட்டிப் பாருங்கள், நன்றாக ஓடினால் தேவையில்லாமல் மாற்றியதற்கு அதுவே சாட்சி. பில் இருந்தால் முதலில் அவரிடமே நேரில் போய் மரியாதையாகப் பேசுங்கள், பலர் கூலியையாவது திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. பில் இல்லாமல் போய் நின்றால் மட்டும் அங்கே எதுவும் நடக்காது. ஜி.எஸ்.டி. மிச்சம் என்று பில் வேண்டாம் என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கேள்வி: இன்னும் கார் வாங்கவில்லை. சென்னையில் ஒரு வண்டி பார்த்திருக்கிறேன். மெக்கானிக்கை எப்போது கூட்டிப் போவது?
வாசகர், வேலூர்

பதில்: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு. இன்று வந்த கடிதங்களில் சரியான நேரத்தில் கேட்டது நீங்கள் ஒருவர்தான். கூட்டிப் போகிறவருக்கு அன்றைய நாள் கூலியை நீங்களே கொடுத்துவிடுங்கள். விற்கிறவரோ புரோக்கரோ அவருக்குக் கமிஷன் கொடுக்கிற நிலை வந்தால் அவர் உங்களுக்காகப் பார்க்க மாட்டார்.

சென்னை வண்டி என்பதால் வெள்ளத்தை மறக்க வேண்டாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. சீட்டையும் கார்ப்பெட்டையும் மாற்றிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். சீட் போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னி டயருக்கு அடியில் வண்டல், டாஷ்போர்டுக்குக் கீழே கனெக்டர்களில் பச்சை, இவை மூன்றையும் எலெக்ட்ரிஷன் ஒருவர் பத்து நிமிடத்தில் பார்த்துவிடுவார்.

ஸ்கேனர் போடும்போது ஃபால்ட் கோடு எதுவும் இல்லை என்று வந்ததும் திருப்தி அடைந்துவிடாதீர்கள். வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொண்டதைக் காட்டும் ரெடினஸ் என்று ஒரு பக்கம் இருக்கும், அதில் பெரும்பாலான சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று காட்டினால், ஒன்று அண்மையில் யாரோ கோடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். இரண்டில் எது என்று விற்கிறவரிடம் கேளுங்கள். அவர் முகத்தை நீங்கள் பாருங்கள், இன்ஜினை மெக்கானிக் பார்க்கட்டும். வண்டி பிடித்து வாங்கிவிட்டால் 30 நாளுக்குள் ஆர்.சி.யில் பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள், இன்ஷூரன்ஸில் 14 நாளுக்குள். பார்க்கப் போன மெக்கானிக்கிடமே முதல் சர்வீஸையும் விட்டுவிடுங்கள், அந்த வண்டியில் எது எப்படி இருந்தது என்று முதல் நாளே பார்த்தவர் அவர்தானே.